வில்லின் நேர்மையும் நீல்காயின் சாவும்

தென் டெக்சஸின் கடலோர மணல்வெளியில், ஓக் தோப்புகளுக்கு நடுவே, ஒரு சாணக்குவியல். ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்ப வந்து சாணமிடும் வழக்கம் நீல்காய்க்கு உண்டு. அதை அறிந்த வேட்டைக்காரர் ஒருவர் காற்றின் திசையைப் பார்த்து, குவியலிலிருந்து பதினைந்து இருபது மீட்டர் தள்ளிப் புதருக்குள் அமர்ந்திருக்கிறார். கையில் நெடுவில். அதில் குறிபார்க்கும் கருவி இல்லை, கப்பிகள் இல்லை. வளைந்த மரமும் நாணும்தான். துப்பாக்கி இருந்தால் இருநூறு மீட்டரிலிருந்து ஒரே காலையில் முடிந்துவிடும் காரியத்துக்கு அவர் நாள்கணக்கில் காத்திருக்கிறார். நில உரிமையாளருக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணமும் செலுத்தியிருக்கிறார். வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தாலும் அவருக்குக் குறையில்லை. தம்முடைய வேட்டை பிறருடைய வேட்டையைவிட நேர்மையானது என்று அவர் நம்புகிறார். அவருடைய சூழலில் அந்த நம்பிக்கைக்குப் பெரும் மதிப்பும் உண்டு.

அமெரிக்கப் பண்ணை ஒன்றில் நடக்கும் இந்தப் பொழுதுபோக்கு இந்தியக் கல்விப்புலத்துக்கு ஏன் பொருட்படுத்தத்தக்கது? அந்த விலங்கு இங்கிருந்து சென்றது என்பது ஒரு காரணம். ஆனால் அது சிறிய காரணம். மரபுவழி வில் என்பதால் வேட்டை நியாயமாகிறது என்ற வாதம் இங்கும் பேசப்படுகிறது. ஆதிவாசிகளின் வேட்டை உரிமையை ஆதரிப்போரே அதைப் பேசுகிறார்கள். டெக்சஸில் அந்த வாதம் எதை மறைக்கிறது என்று பார்த்துவிட்டால், இங்கே அதன்மேல் சாய்ந்து நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதும் விளங்கும்.

முதலில் விலங்கு. நீல்காய் ஆசியாவின் மிகப் பெரிய இரலை. வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேல், சில வேளை 290 கிலோவை நெருங்கும். ஆண் நீலச்சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. இவ்வளவு பெரிய உடலுக்குக் கொம்பு மட்டும் ஒரு சாண் அளவே. சுவரில் மாட்டி மகிழ்வோருக்கு ஏமாற்றம் தரும் விலங்கு. ஆட்டையும் ஒட்டகத்தையும் சேர்த்து அறிவியற்பெயர் வைத்தார்கள். ஐரோப்பியர்களால் அதை எந்த வகையிலும் அடக்க முடியவில்லை என்பதற்கு அந்தப் பெயரே சான்று. வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் உடற்கூற்றியலாளர் 1771இல் இதைப் பற்றி ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். அவருக்காக ஜார்ஜ் ஸ்டப்ஸ் ஓவியம் தீட்டினார். (அந்த ஆய்வாளரின் பெயரே வேட்டைக்காரர் என்று பொருள்படுவது தற்செயல்தான்.) தமிழில் ‘நீலான்’ என்று எழுதுவோர் உண்டு. ‘காய்’ என்ற இந்திச் சொல்லின் பசு, அதிலும் ‘ஆன்’ ஆகி நிற்கிறது. இந்தப் பசு பின்னர் முக்கியமாகும்.

டெக்சஸுக்கு நீல்காய் சென்றது 1920களுக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சான் டியேகோ விலங்குக்காட்சிசாலை வழியாக, கிங் ரான்ச் என்னும் பெரும் பண்ணைக்கு. 1853இல் ரிச்சர்ட் கிங் தொடங்கிய அப்பண்ணை எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்தது. அங்கிருந்து நீல்காய் தெற்கே ரியோ கிராண்டே வரை பரவிப் பல்லாயிரமாகப் பெருகியது. பிற அயலின விலங்குகளைப் போல உயர்ந்த வேலிக்குள் அடைத்துவைத்துச் சுடப்படும் விலங்காகவும் அது பெரும்பாலும் இல்லை. மாட்டு வேலிகளைக் கடந்து தன்போக்கில் திரிகிறது. வேலிக்குள் வேட்டை என்னும் எளிய கண்டனம் ஆகவே இங்கே பொருந்தாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

டெக்சஸ் சட்டத்தில் நீல்காய் அயலினம். வெள்ளைவால் மானுக்கு வேட்டைப் பருவம் உண்டு, எண்ணிக்கை வரம்பு உண்டு. தனியார் நிலத்தில் அயலினத்துக்கு இரண்டும் இல்லை. வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் ஒப்புதலும் இருந்தால் ஆண்டின் எந்நாளிலும் எத்தனையும் கொல்லலாம். அம்மாநில நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியாருடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த விலங்கின் உயிரைப் பற்றிய முடிவு முழுவதும் நிலப்பத்திரம் வைத்திருப்பவரின் கையில் இருப்பது தெரியும். பிறந்து தலைமுறைகள் பல கடந்தும் ‘அயல்’ என்ற சொல் நீல்காயை விட்டு நீங்கவில்லை. குடியேற்றம் பற்றிய ஆய்வாளர்களுக்கு இச்சொல்லின் வேலை புதிதாக இராது.

அதற்கிடையில் உண்ணி ஒன்று கதைக்குள் நுழைகிறது. மாட்டுக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணியை ஒழிக்க அமெரிக்க அரசு 1906இல் திட்டம் தொடங்கி, 1943க்குள் ரியோ கிராண்டே கரையோரத் தடுப்புப் பட்டை தவிர்த்த நாடெங்கும் ஒழித்தது. நீல்காய் அந்த உண்ணியைச் சுமந்து வேலி தாண்டுகிறது. எனவே எல்லையோர வனவிலங்குப் புகலிடங்களில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கும் பணிகளும் நடந்துள்ளன. அந்த உண்ணியினத்தின் பூர்வீகமும் ஆசியாவே. இரண்டு குடியேறிகள் மூன்றாம் நாட்டில் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள். நீல்காயைக் குறைப்பதற்குக் காரணமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வில்லேந்திய வேட்டைக்காரர் அந்தக் காரணத்தையும் துணைக்கு அழைப்பார். ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் வில்லைவிட மோசமான கருவி இருக்க முடியாது. அவர் அமர்ந்திருப்பது வேறொன்றுக்காக.

அந்த வேறொன்றுக்கு ஒரு வரலாறு உண்டு. ‘மரபுவழி வில்’ என்ற வகைப்பெயரே மிக இளையது. 1960களின் நடுவில் ஹாலஸ் ஆலன் என்பவர் கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லை உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்றார். அந்த வில்லில் நாணை முழுவதும் இழுத்தபின் கைக்குத் தெரியும் சுமை பெரும்பகுதி குறைந்துவிடும், நிதானமாகக் குறிபார்க்கலாம். அது பரவிய பிறகுதான் பழைய வில் ‘மரபுவழி’ ஆயிற்று. அதுவரை அது வெறும் வில். புதியது வந்தபின் பழையதற்குக் கிடைத்த பட்டம் இது. கையெழுத்துக்கும் கைத்தறிக்கும் நேர்ந்ததும் இதுதான்.

ஆனால் அமெரிக்கப் பொழுதுபோக்கு வில்வேட்டையின் தலைமுறை வரிசையைப் பின்னோக்கித் தேடினால் ஒரு மனிதரிடம் போய் நிற்க நேரும். 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு அருகே, ஓர் இறைச்சிக்கூடத்தின் தொழுவத்தில், பசியால் மெலிந்த ஒருவர் கண்டறியப்பட்டார். தங்கம் தேடி வந்த குடியேறிகளால் துரத்தித் துரத்திக் கொல்லப்பட்ட யாஹி மக்களில் எஞ்சியிருந்த கடைசி ஆள். தம் பெயரைத் தாமே சொல்வது அவருடைய மக்களின் வழக்கமன்று. சொல்வதற்கு வேறு யாரும் மிஞ்சவில்லை. ஆகவே மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் அவரை ‘இஷி’ என்றழைத்தார். அம்மொழியில் அதற்கு மனிதன் என்பதே பொருள். சான்ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் குடிவைக்கப்பட்டார். துப்புரவுப் பணிக்கு உதவினார். பார்வையாளர்முன் அம்புமுனை செதுக்கிக் காட்டினார். அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சை ஆசிரியர் சாக்ஸ்டன் போப் அவருடைய மருத்துவரானார், நண்பரானார், வில்வித்தையில் மாணவருமானார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். க்ரோபர் தெரிவித்திருந்த மறுப்பையும் மீறி உடல் அறுக்கப்பட்டது. மூளை எடுக்கப்பட்டு ஸ்மித்சோனியனுக்குச் சென்று, 2000இல்தான் உறவுக்குடியினரிடம் திரும்பியது.

போப் 1923இல் வில்வேட்டை பற்றி நூல் எழுதினார். அந்நூல் ஒரு தலைமுறையையே வில்லின் பக்கம் திருப்பியது. தம் தோழர் ஆர்தர் யங்குடன் ஆப்பிரிக்காவுக்குச் சென்று சிங்கத்தின்மேலும் அவர் அம்பெய்தார். இருவர் பெயரையும் இணைத்து 1961இல் வில்வேட்டைக்காரர் சங்கம் ஒன்று உருவாயிற்று. தியோடோரா க்ரோபர் இஷியின் வாழ்க்கையை நூலாக வெளியிட்டதும் அதே 1961தான். இரண்டு வரலாறுகளும் ஒரே ஆண்டில் அச்சேறி, ஒன்றையொன்று பாராமல் நடந்து சென்றன.

போப்பை வஞ்சகர் என்று தீர்ப்பது எளிது, அது நியாயமாகாது. அவர் இஷியை உண்மையாகவே நேசித்ததற்குச் சான்றுகள் உள்ளன. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. இஷியின் வில் அவருக்கு உணவு. மலையிடுக்கில் ஒளிந்து வாழ்ந்த ஆண்டுகளில் துப்பாக்கி ஒலி எழுப்பிக் காட்டிக்கொடுக்காத கருவி. மாணவரிடம் வந்தபோது அதே வில் ஒரு தெரிவு ஆனது. துப்பாக்கியை வைத்துக்கொள்ளக்கூடியவர் வேண்டுமென்றே அதை ஒதுக்கிவைக்கும்போதுதான் வில்லுக்கு அறமேன்மை வருகிறது. வேறு வழியற்றவன் கையில் அதே வில்லுக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் வழங்கியதில்லை. நீல்காய் மேயும் அந்த டெக்சஸ் கடற்கரையிலேயே நெடிய வில்லுக்குப் பெயர்பெற்ற கரன்காவா மக்கள் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவர்கள் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் அந்த நிலத்தை இழந்தனர்.

இனி அந்த நேர்மையின் உள்ளடக்கம். வில்வேட்டைக்காரர் சொல்வது இதுதான்: தொலைவிலிருந்து கொல்லும் வசதியைத் துறக்கிறேன், விலங்கின் செவிக்கும் மூக்குக்கும் எட்டும் தூரத்துக்குள் வருகிறேன், அது தப்பிக்க வாய்ப்புத் தருகிறேன். பொய்யான கூற்றன்று. நீல்காயின் பார்வையும் செவியும் கூர்மையானவை. அதை இருபது மீட்டருக்குள் அணுகுவது கடும் உழைப்பு. பொறுப்புள்ள வேட்டைக்காரர் ஆண்டு முழுதும் பயில்கிறார், ஐயமிருந்தால் நாணை விடுவதில்லை, இறைச்சியை வீணாக்குவதுமில்லை.

ஆயினும் நாண் விடப்பட்ட பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்துக் குருதியை வடியவிட்டுக் கொல்கிறது. இரு நுரையீரலையும் கடந்தால் விலங்கு விரைவில் விழும். நீல்காயின் ஆணுக்குக் கழுத்திலும் மார்பிலும் தோல் மிகத் தடித்தது. தோள் எலும்பு வலியது. பழைய வகை வில்லின் அம்புக்கு வேகம் குறைவு. அதனால்தான் கனத்த அம்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கையளவு பிசகினாலும் அம்பு எலும்பில் நின்றுவிடும், அல்லது குடலுக்குள் போகும். தடித்த தோல் காயத்தை மூடிக்கொள்வதால் தரையில் குருதித்தடமும் அரிது. அப்படி ஓடிய விலங்கு முள்ளடர்ந்த புதருக்குள் எத்தனை மணிநேரம் கழித்துச் செத்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. இதை எதிரிகள் சொல்லத் தேவையில்லை. அம்பின் எடை, முனையின் வடிவம், எலும்பைத் துளைக்கும் திறன் பற்றி வில்வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் ஓயாமல் நடத்தும் வாதங்களே இந்த அச்சத்திலிருந்து பிறப்பவைதாம்.

ஆக, வில் உருவாக்கும் கடினம் இரண்டு பேருக்கும் பங்கிடப்படுகிறது. வேட்டைக்காரர் ஏற்கும் கடினம் அவரே விரும்பி ஏற்றது. வேண்டாமென்றால் எழுந்து போகலாம். விலங்கின் பங்குக்கு வரும் கடினத்தைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. தப்பிக்கும் வாய்ப்பு அதற்குக் கூடுகிறது என்பது உண்மை. தப்பாதபோது நீண்ட சாவுக்கான வாய்ப்பும் உடன் கூடுகிறது. முதலாவதை மட்டும் எண்ணி அதற்கு நேர்மை என்று பெயரிடுவது கணக்கின் பாதியை மறைப்பது. ஆட்டத்துக்கு விதி வகுத்தவர் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். அந்த அளவில் அவர் நல்ல ஆட்டக்காரர். ஆடுவதாகவே அறியாத எதிராளியிடம் அவர் நியாயமாக நடந்தார் என்பது அதிலிருந்து பெறப்படாது.

வேட்டையின் அறத்தை வேட்டைக்காரனின் நடத்தையில் மட்டும் தேடும் பழக்கம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. ஜஹாங்கீர் நீல்காய் வேட்டையில் பெருவிருப்புள்ளவர். தம் நினைவுக்குறிப்பில் அவரே எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு: நீல்காய் ஒன்றைக் குறிபார்க்கும் நேரத்தில் ஒரு குதிரைப் பணியாளும் இரண்டு பல்லக்குத் தூக்கிகளும் எதிர்ப்பட, விலங்கு ஓடிவிட்டது. பணியாளை அங்கேயே கொல்லவும், மற்ற இருவரின் குதிகால் நரம்பை அறுத்துக் கழுதைமேல் ஏற்றி முகாமைச் சுற்றிவரச் செய்யவும் ஆணையிட்டதாகக் குறிக்கிறார். கைத்திறனில் குறையில்லாத வேட்டைக்காரர் அவர். அந்தக் காட்டில் யார் நடக்கலாம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது.

டெக்சஸிலிருந்து நீல்காயின் தாயகத்துக்கு வந்தால் வில் காணாமற்போகிறது. இந்தோ-கங்கைச் சமவெளியில் நீல்காய் பயிர்மேயும் விலங்கு. பருப்பும் கோதுமையும் பயிரிடும் சிறு விவசாயி குளிர்கால இரவுகளில் பரண்மேல் விழித்திருக்கிறார். பெயரில் பசு இருப்பதால் கொல்லத் தயக்கம். ஆகவே ‘ரோஜ்’ என்ற வட்டார வழக்கையே அரசுப் பெயராக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்ததுண்டு. 2015 டிசம்பரில் மத்திய அரசு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, பீகாரின் பல மாவட்டங்களில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் ஓராண்டுக்கு ‘வெர்மின்’, அதாவது அழிக்கத்தக்க தீங்குயிர், என்று அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமா தால் பகுதியில், ஹைதராபாதிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டனர். மத்திய அமைச்சர்கள் மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் பகிரங்கமாக முரண்பட்டனர். 2019இல் வைஷாலி மாவட்டத்தில் காயம்பட்ட நீல்காய் ஒன்று மண்வாரி இயந்திரத்தால் உயிரோடு புதைக்கப்படும் காணொளி வெளிவந்தபோது நாடே பதறியது.

டெக்சஸில் ‘அயல்’ செய்ததை இங்கே ‘தீங்குயிர்’ செய்தது. ஒரு சொல்லை மாற்றியதும் விலங்குக்கும் துப்பாக்கிக்கும் இடையிலிருந்த சட்டம் விலகிக்கொள்கிறது. ஆனால் மொகாமாவில் ஒரு வேறுபாடு உண்டு; கல்விப்புலம் அதை இன்னும் சரியாக எடைபோடவில்லை. அங்கே யாரும் தம் செயலை உன்னதம் என்று சொல்லவில்லை. விவசாயி மனு கொடுத்தார், மாநில அரசு கேட்டது, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது, ஒருவர் கூலி பெற்றுச் சுட்டார். அருவருப்பான காட்சிதான். ஆயினும் ஒவ்வொரு படியிலும் கேள்வி கேட்கத்தக்க ஓர் ஆள் இருக்கிறார்: இழப்பை அளந்தீர்களா, வேலியும் இழப்பீடும் முயன்றீர்களா, எத்தனை விலங்குகள் உள்ளன என்று எண்ணினீர்களா? இக்கேள்விகளுக்கு விடை திருப்தியாக வரவில்லை என்பது கடும் குறை. குறை என்று சுட்டுவதற்கு ஓர் இடம் இருப்பதோ சிறிய செய்தியன்று. கொன்றே தீர வேண்டிய நிலை மெய்யாகவே வருமானால், நன்கு பயின்றவரின் துப்பாக்கி, சலிப்பான ஓர் அரசுப் பணியாக, அந்த வேலையைச் செய்வதே மேல். அழகான அம்பைவிட அதில் விலங்குக்கு வலி குறைவு. மனிதருக்குப் பெருமையும் குறைவு. இரண்டும் நல்லவை.

இதைப் படிக்கும் பலருக்கு இந்த இடத்தில் ஓர் எதிர்ப்பு எழும்: அப்படியானால் ஆதிவாசியின் வில்லும் இதே தீர்ப்புக்குள் அடங்குமா?

ஜார்க்கண்டின் தால்மா மலையில் ஆண்டுதோறும் புத்த பூர்ணிமையை ஒட்டிச் சந்தால் முதலிய மக்கள் ‘சேந்த்ரா’ என்னும் வேட்டைத் திருவிழாவுக்குத் திரள்கிறார்கள். வங்காளத்தின் அயோத்தியா மலையிலும் இதன் இணை உண்டு. வனத்துறை சோதனைச் சாவடி அமைக்கிறது, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறது, வழக்குகளும் நடந்துள்ளன. அந்த மலையடிவாரத்து ஜாம்ஷெட்பூரில் 1996 முதல் வில்வித்தைப் பயிற்சிக்கழகம் இயங்குகிறது. அங்கே வில் நாட்டின் பெருமை. சில மைல் தொலைவில் அதே வில் தடயப்பொருள். (ஏகலைவனை இங்கே இழுத்துவருவது எளிது, எல்லாரும் இழுத்தாயிற்று.)

சட்டத்தின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களின் மரபுரிமைகளை ஒவ்வொன்றாக ஏற்றபின், வழக்கத்திலுள்ள பிற மரபுரிமைகளையும் ஏற்கிறது. வேட்டையாடலையும் பொறிவைத்தலையும் மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. 1972 சட்டமோ நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் வேட்டை உரிமையைக் காத்துத் தருகிறது. காலனிய ஆட்சி வரைந்த கோடு அழியாமல் நிற்கிறது. 1879இல் நீலகிரிக்கென வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, உரிமம் வாங்கிய துரையின் துப்பாக்கி விளையாட்டாயிற்று. உள்ளூராரின் வலையும் பொறியும் கண்ணியமற்ற களவாயின. அக்காலத்து நீலகிரி வேட்டையைப் பற்றி எம். எஸ். எஸ். பாண்டியன் 1995இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

இந்த அநீதிக்கு எதிராக ஆய்வாளர் பலர் கையிலெடுக்கும் வாதம்தான் சிக்கலானது. ஆதிவாசிகள் வில்லைத்தானே பயன்படுத்துகிறார்கள், துப்பாக்கியையா, அது பழைய கருவி, சிறு சேதம்தானே, ஆகவே விட்டுவிடலாம் என்கிறார்கள். இவ்வாதம் சேந்த்ராவை டெக்சஸ் புதருக்குள் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. உரிமையை அது கருவியின்மேல் கட்டுகிறது. நாளை ஒரு சந்தால் இளைஞர் நாட்டுத்துப்பாக்கியோடு வந்தால் உரிமை போய்விடுமா? மாறாக, பணமுள்ள ஒரு நகரவாசி கையால் செய்த வில்லோடு தால்மாவுக்கு வந்தால் அவருக்கு உரிமை வந்துவிடுமா? இரண்டுக்கும் விடை இல்லை என்பதே. அப்படியானால் உரிமையின் வேர் வில்லில் இல்லை. அம்பு தைத்த பன்றியின் வலிக்கும் எய்தவரின் இனம் தெரியாது. அதை மூடிமறைப்பதால் ஆதிவாசி உரிமைக்கு ஒரு பயனும் இல்லை.

சேந்த்ராவில் பொருட்படுத்த வேண்டியது கருவியைச் சுற்றியிருக்கும் ஏற்பாடு. வேட்டையை அழைப்பவர் ‘திஹ்ரி’ என்னும் பூசகர். பகலில் வேட்டை, இரவில் காட்டிலேயே ‘லோ பீர்’ என்னும் பேரவை. சந்தால் மரபில் அதுவே இறுதி முறையீட்டு மன்றம்: ஊர்த்தலைவரான மாஞ்ஜி, பல ஊர்களுக்கு மேலான பர்கனா ஆகியோரின் தீர்ப்பில் மனநிறைவடையாதவர் அங்கே வழக்கைக் கொண்டுவரலாம், அந்தத் தலைவர்கள்மேலேயே குற்றம் சாட்டலாம். அண்மைக்காலத்தில் வேட்டை பல இடங்களில் சடங்களவில் சுருங்கிவருகிறது. சில விலங்குகளைக் காப்பதற்காக விதிக்கப்படும் தடை, உடன் ஒரு நீதிமன்றத்தையும் கலைக்கிறது என்பது வனத்துறையின் கோப்பில் எங்கும் எழுதப்படுவதில்லை. காட்டில் விலங்கு அருகிவிட்டது, இவ்வாண்டு வேட்டை வேண்டாம் என்ற முடிவை அந்தப் பேரவையே எடுக்கலாம். அப்படி எடுக்கும் அதிகாரத்தை அதனிடம் விட்டுப்பார்க்க எந்த அரசும் முன்வரவில்லை. அந்த அதிகாரம்தான் கேட்கத்தக்க உரிமை. வில் அதன் ஒரு சின்னம் மட்டுமே.

பீகாரில் நிலைமை வேறு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பயிர்மேயும் நீல்காயைச் சுட அனுமதிக்கும் பொறுப்பு, பின்னர் ஊராட்சித் தலைவரான முகியாவின் கைக்குக் கொடுக்கப்பட்டது. பட்டியலில் உள்ள துப்பாக்கிக்காரர் வருவார், சுடுவார், விலங்கொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார். முகியா எந்த நீல்காய்க்கு ஏன் ஒப்பமிட்டார், எவருடைய வயலுக்காக ஒப்பமிட்டார், எவருடைய வயலை விட்டுவிட்டார் என்று கேட்க அன்றிரவு காட்டில் யாரும் கூடுவதில்லை.